சுருதி பார்க்கும் பூட்ஸ்

என் மச்சினனின் காதைப் பற்றி நான் சொல்வதை ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள். ஒருமுறை எங்கள் பட்டறை வாசலில் ஒரு வண்டு பறந்து போனது. வேலையில் குனிந்திருந்தவன் தலையைத் தூக்காமலே, "மாமா, இதுக்குக் காத்து ஜாஸ்தி, எண்ணெய் பத்தலை. தாங்காது" என்றான். சாயந்தரம் அந்த வண்டு வாசலில் கால்களை மேலே நீட்டிக் கிடந்தது. கூட்டித் தள்ளியவன் நான். அதனால் எனக்குச் சந்தேகம் இல்லை.

பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். பிரிப்பதும் மாட்டுவதும் நான். சுருதி சேர்ப்பது அவன். இந்தச் சின்ன இன்ஜின்களுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். கார்புரேட்டர் ஸ்க்ரூவை இறுக்க இறுக்க பெட்ரோல் குறையும், சத்தம் கீச்சென்று ஏறும். அதற்கும் மேலே இறுக்கினால் எண்ணெய் பத்தாமல் பிஸ்டன் வெந்துவிடும். கீச்சு கேட்டவுடன் கொஞ்சம் தளர்த்தி, லேசாகக் கரகரக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அளப்பதற்குக் கருவி இருக்கிறது, வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை.

ஒரு நாள் மரம் அறுப்பவர் ஒருவர், மச்சினன் சுருதி சேர்த்துக் கொடுத்த தன் மெஷினைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. பிரித்துப் பார்த்தால், பிஸ்டனில் புகை வெளியேறும் பக்கம் முழுக்கக் கீறல். அவருக்கு இப்படி ஆவது இது இரண்டாவது தடவை.

"எண்ணெய் கலக்காம ஓட்டியிருப்பே" என்றான் மச்சினன்.

"என் புள்ளைங்க மேல சத்தியமாக் கலந்தேண்ணே."

அவரை வெளியே அழைத்துப் போனேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்றார். "எதுக்கு மாத்தினேன்னு நாலு பேரு கேப்பாங்க. சொல்லாம இருக்க முடியாதுண்ணே."

வீட்டில் சொன்னபோது என் மனைவிக்கு ஆச்சரியமே இல்லை. "தம்பி நம்ம வீட்டுக்கு வந்தா குக்கர் விசில் அடிக்கறப்ப, இன்னும் அடிக்கலையா அக்கான்னு கேக்கறான். கனத்த சத்தமெல்லாம் கேக்குது. மெல்லிசு மட்டும் விழலை. சொல்லிடுங்களேன்."

"நீயே சொல்லேன், உன் தம்பிதானே."

அவள் வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். அவனிடம் போய் உன் காது போச்சு என்பதும், நீ செத்துப்போயிட்டே என்பதும் ஒன்றுதான். அந்த நிமிடமே ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிடுவான். அப்புறம் அவன் கையில் எடுக்க வேறு வேலை இருக்காது.

புது பிஸ்டன் மாட்டினேன். மரம் அறுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். மச்சினன் சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தான். இன்ஜின் ஒரு தடவை இருமியது. அது கனத்த சத்தம், கேட்டுவிட்டது. சோக்கை எடுத்து மறுபடி இழுத்தான், பிடித்துக்கொண்டது. முழு வேகத்துக்கு ஏற்றி ஸ்க்ரூவை இறுக்கினான். கரகரப்பு போய்க் கீச்சு ஏறியது. அவன் கை நிற்கவில்லை.

அவன் கால்மேல் என் பூட்ஸை வைத்து அழுத்தினேன்.

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. என்னைப் பார்த்தான். நான் கூரையில் ஒட்டடை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்ஸை எடுக்கவில்லை. அவன் மெதுவாகத் தளர்த்தினான். கரகரப்பு திரும்பியதும் எடுத்தேன்.

"சரியா இருக்கா?" என்றார் மரம் அறுப்பவர்.

"என் காதுக்குச் சரிதான்" என்றான் மச்சினன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. மெஷின் எடுத்தால் அவன் காலை நீட்டிக்கொள்வான், நான் மிதிப்பேன். அப்புறம் ஒரு பிஸ்டனும் வேகவில்லை. சொந்த மாமாவுக்கு மரியாதை கொடுத்து, மிதிக்கத் தன் காலையே நீட்டிக் கொடுக்கிற மச்சினனை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்று டீக்கடையில் சொல்லிவைத்தேன். நம்பினார்கள்.

கொஞ்ச காலம் கழித்து, புல்வெட்டும் மெஷின் ஒன்றுக்குச் சுருதி சேர்த்து முடித்தபின், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"இன்னைக்கு லேட்டா மிதிச்சீங்க மாமா."

"உனக்கெப்படித் தெரியும்?" வாய்தவறி வந்துவிட்டது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "கரகரன்னு இருக்கறப்ப இங்க உதறும். கீச்சு ஏறிட்டா வழவழன்னு ஆயிடும். அந்த முதல் மிதியிலேருந்து கையைத்தான் கேட்டுட்டிருக்கேன். இன்னைக்கு வழவழன்னு ஆகி ரொம்ப நேரமாச்சு, நீங்க மிதிக்கவே இல்லை."

"கவனம் எங்கேயோ போயிடுச்சு மாப்ளே."

"ஆமாமா" என்றான், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் மரம் அறுப்பவரின் மெஷின் வந்தது. கயிறு, இருமல், முழு வேகம். ஸ்க்ரூ டிரைவர் என் கையில் இருந்தது. அவன்தான் கொடுத்துவிட்டு, மெஷின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். இறுக்கிக்கொண்டே போனேன். கீச்சுக்காகக் காத்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

என் பூட்ஸின்மேல் அவன் பூட்ஸ் ஏறியது.