மேசையில் வைத்த முதல் கொப்பி

மல்லாவியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் அந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு ஒரு வியாழக்கிழமை சட்டம் வந்தது. சட்டமென்றால் முழுசாக அல்ல, அதன் வரைபு மட்டும், குளிரூட்டிய ஜீப்பில். வைத்தியம் எல்லாருடைய உரிமை என்று அரசாங்கம் சட்டம் போடப் போகிறதாம். மக்கள் கருத்துக் கேட்க மூன்று பேர் ஊர் மண்டபத்தில் வந்திறங்கினார்கள்.

கமலாசனியிடம் கருத்து இருக்கவில்லை. புருஷன் தில்லைநாதனின் கால்புண்தான் இருந்தது. மனுசனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. ஊர் வைத்தியசாலைப் பூட்டோ துருப்பிடித்து ஒரு வருடம். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவோமென்றால் வயல் வரம்பு வேலை முடியட்டும் என்பார். கால் போய்விடுமோ என்று பயந்தவள், அவரையும் இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்திருந்தாள்.

வந்தவர்களில் ஒருவர் டொக்டர் ராஜரத்தினம் என்று ஒலிபெருக்கி சொன்னதுமே எழுந்தாள். வருத்தமும் மருந்தும் எழுதிய புருஷனின் கிளினிக் கொப்பியை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல வந்து தில்லைநாதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். டொக்டர் முன்னால் ஒரு கொப்பி கிடந்தால் தன்னுடையதையும் வைத்து இடம்பிடிக்காமல் அந்த ஊரால் இருக்க முடியாது. கையில் இல்லாதவர்கள் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தார்கள். சட்டம் வந்தால் டொக்டர் ஊருக்கே வருவார் என்று தொடங்கிய டொக்டரின் உரிமைப் பேச்சு மூன்றாம் பக்கத்துக்கு வருமுன் கொப்பி அடுக்கு அவருடைய தாடைவரை உயர்ந்துவிட்டது.

தான் வைத்தியம் பார்க்க வரவில்லை என்று அவர் விளக்கினார்.

“சட்டம் வந்தா டொக்டர் ஊருக்கு வருவார் எண்டு நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள்,” என்றாள் கமலாசனி. “வந்திட்டீங்கள். ஒருக்காப் பாருங்கோவன்.”

மண்டபம் சிரித்தது. டொக்டரும் சிரித்தபடி முதல் கொப்பியைத் திறந்தார். தில்லைநாதனின் புண்ணில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

“இண்டைக்கே கிளிநொச்சிக்குக் கொண்டு போகவேணும். பிந்தினால் காலை எடுக்கவேண்டி வரும்.”

வேறு வாகனம் இல்லை. வரம்பைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே தில்லைநாதன் வந்தவர்களின் ஜீப்பில் ஏற்றப்பட்டார். கமலாசனியும் ஏறினாள். மிச்சக் கொப்பிகளைப் பார்க்க டொக்டர் இருந்துவிட்டார். கருத்துப் படிவத்தோடு வந்த அதிகாரி, தாள் இன்னும் வெறுமையாக இருக்கிறதே என்று ஜீப் ஜன்னலோரம் வந்து நின்றார்.

“கிளிநொச்சி போற நாலரை பஸ்ஸுக்குப் போய் நில்லுங்கோ, ஐயா,” என்றாள் அவள். “வராட்டி அதை எழுதுங்கோ.”

தில்லைநாதனுக்கு ஒரு கால்விரல் போனது, கால் தப்பியது. அன்றைக்கு பஸ் வரவில்லை. படிவம் பின்பக்கமும் நிரம்பிவிட்டதாகக் கேள்வி.