புலிப் படையின் தோள்ச்சின்னம்

புதுத் தளபதி தன் தோளில் தைத்திருந்த சின்னத்தை விரலால் தட்டினார். "அம்மா, இது என்ன, கருகின கத்திரிக்காயா?"

"புலிங்கய்யா," என்றார் தையல்காரம்மா, தரையைப் பார்த்தபடி.

மஞ்சள் துணியில் கறுப்பாக ஏதோ உருண்டிருந்தது. அறுபது வருடமாகப் புலிப் படை என்றுதான் பேர். ஆனால் புதுச் சின்னம் தைக்க மாதிரியாக வருவது, கிழிந்த சட்டையிலிருந்து பிரித்தெடுத்த பழைய சின்னம். ஒரு சலவையில் வால் போனது. அடுத்த தையல்காரர் வாலில்லாமலே தைத்தார். பிறகு காது, பிறகு கால். இந்த அம்மா கைக்கு வந்தபோது வயிறு மட்டும்தான் மிச்சம். அதையும் பயபக்தியோடு தைத்தார்.

"நாளைக்குள்ள முதல் மாதிரியக் கொண்டாங்க. இல்லேன்னா வேற ஆள் தைக்கட்டும்."

வீட்டில் கணவர் படுத்த படுக்கை. இந்த வேலைதான் சோறு. அம்மா கடவுளை வேண்டிக்கொண்டு பதிவறைக்குப் போனார். அங்கிருந்த கிளார்க் சாப்பாட்டையும் மறந்து பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தார். சாயங்காலம் தும்மிக்கொண்டே ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, முதல் உத்தரவு. 'மஞ்சள் துணியில் கறுப்புப் புள்ளி.'"

"புலின்னு படிங்க தம்பி."

"புள்ளிதான்க்கா. நகல் எடுத்தவரு ஒரு எழுத்த முழுங்கிட்டாரு, புளின்னு ஆயிடுச்சு. படைக்கு எதுக்குடா புளின்னு அடுத்தவரு புலியாத் திருத்திட்டாரு. இத்தன வருஷத்துல உத்தரவுப்படி தைச்சது நீங்க ஒருத்தர்தான். காலைல அணிவகுப்புல எல்லார் முன்னாடியும் இந்தத் தாளத் தளபதிகிட்ட நீட்டுங்க. வாயடைச்சுப் போயிடுவாரு."

அம்மாவுக்கும் ஆசைதான். ஆனால் இந்தச் சின்னம் தெரியும்படி தோளைத் திருப்பிப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பும் சிப்பாய்களை நினைத்தார். மறுநாள் அணிவகுப்புக்கு முன்பே தளபதியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுத் தாளைக் கொடுத்தார்.

தளபதி மூன்று முறை படித்தார். மீசை துடித்தது. "அப்போ நான் புள்ளிப் படைக்குத் தளபதி."

"வெளிய யாருக்கும் தெரியாதுங்கய்யா. கிளார்க் தம்பிகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். தாளை மடித்து மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"நீங்களே தைங்கம்மா, இப்படியே. யாராவது கேட்டா, புலி தூரத்துல நிக்குதுன்னு சொல்லிக்கலாம்."