மாறி வந்த வலது கை

மின்ரயிலில் நின்றுகொண்டு வருகிறவர்கள், உட்கார்ந்திருப்பவர்களிடம் பையைக் கொடுப்பதுபோலவே வலது கையையும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். கம்பியைப் பிடிக்க இடது கை போதும். வலது கையும் இருந்தால் அடுத்தவர் விலாவில் இடிக்கும், அவர் முறைப்பார், வீணாக வாய்த்தகராறு ஆகும். முழங்கைக்குக் கீழே ஒரு திருகு திருகினால் வந்துவிடும். சீட்டு கிடைத்த புண்ணியவான் மடியில் நாலு பை, நாலு கை என்று அடுக்கி வைத்துக்கொண்டு தூங்கி வழிவார். இறங்கும் இடம் வந்ததும் அவரவர் பையையும் கையையும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

குணசீலன் பாரிமுனையில் பல்பும் ஸ்விட்சும் விற்கிற மொத்தக் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். பகலெல்லாம் அங்கே நின்றுவிட்டு, சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் வண்டியில் நிற்பான். நின்றுகொண்டே தூங்குகிற வித்தை மட்டும் அவனுக்கு நன்றாக வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வண்டி கூடுவாஞ்சேரியில் நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தான். ஜன்னலோரத்துக்காரர் மடியிலிருந்து தன் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கினான், அதன் பக்கத்தில் கிடந்த கையை எடுத்துக்கொண்டு குதித்தான். நடந்தபடியே திருகி மாட்டினான். மாட்டிய பிறகுதான் அது தன் கை இல்லை என்று தெரிந்தது. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டில் அவன் மனைவி புஷ்பலதா தட்டு வைக்கும்போதே பார்த்துவிட்டாள்.

"இது உங்க கை இல்லியே."

"மாறிடுச்சு. நாளைக்குப் பாத்து மாத்திக்கணும்."

"இருக்கட்டும். அப்படி என்ன அவசரம்?"

அன்றைக்கு அவள் அவனுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வழக்கமாக எதிரே, கை எட்டாத தூரத்தில்தான் உட்காருவாள்.

புஷ்பலதாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. பொழுது விடிந்ததும் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகையால் மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் நித்திலாவுக்குத் தலை பின்னிவிடுவது குணசீலன் பொறுப்பு. பள்ளியில் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டித்தான் வரவேண்டும் என்று கண்டிப்பு. அவன் பின்னினால் ஒரு சடை காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று தோளில் தொங்கும். அவிழ்ப்பான், இழுப்பான், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எரிந்து விழுவான். முதலாளியிடம் வாங்கப்போகிற திட்டையெல்லாம் அந்தச் சின்ன மண்டையில் முன்கூட்டியே இறக்கிவிடுவான். பிறகு இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது மாதிரி செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

புதன்கிழமை காலையில் அந்தக் கை சீப்பை எடுத்தது. நடு வகிடு நூல் பிடித்தாற்போல் விழுந்தது. சிக்கை நுனியிலிருந்து மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மேலே போனது. குணசீலனின் இடது கை சொன்னதைக் கேட்கும் எடுபிடியாக ரிப்பனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னி முடித்ததும் கை அவள் உச்சந்தலையை ஒரு தடவை தடவியது. அதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நித்திலா திரும்பி, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"நீ நாளைக்கும் வருவியா?" என்றாள்.

அப்பாவை அவள் எப்போதும் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். கேட்டது கையைத்தான். குணசீலனை இல்லை.

கடையில் அந்தக் கையால் ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லை. பெட்டி கட்டத் தெரியவில்லை, கயிறு அறுக்கத் தெரியவில்லை. "கை சரியில்லன்னா லீவ போட்டுட்டு வீட்ல கெடய்யா, ஏன்யா என் உசுர வாங்குற?" என்றார் முதலாளி. வேறு நாளாயிருந்தால் அந்தச் சொல்லை மறுநாள் காலை வரைக்கும் பத்திரமாகச் சுமந்து போயிருப்பான்.

கை மாறினவர்கள் மறுநாள் அதே பெட்டியில், மாறிய கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பது வழக்கம். உரியவர் பார்த்து வந்து மாற்றிக்கொள்வார். அன்று சாயங்காலம் தாம்பரம் தாண்டும்போது, எதிர்க் கதவருகே கூட்டத்துக்கு மேலே தன்னுடைய கை நிற்பதைக் குணசீலன் பார்த்தான். பல்பு வெடித்துக் கிழித்த தழும்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. அவன் மாறி வந்த கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருட்டுத்தனம்தான். மகள் தன் பக்கத்தில் பயமில்லாமல் உட்கார்ந்து அன்று காலைக்கு முன் அவன் பார்த்ததே இல்லை, அதற்காக இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் திருடியிருப்பான்.

வியாழக்கிழமையும் அப்படியே ஒளித்துவைத்தான். ஆனால் கூடுவாஞ்சேரி நெருங்கும்போது கை தானாகவே பைக்குள்ளிருந்து வெளியே வந்து, விறைப்பாக மேலே உயர்ந்து நின்றது. அதற்கும் வீடு என்று ஒன்று இருக்கிறது.

அவனோடு கூடவே ஒருவர் இறங்கினார். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயர் சாமுவேல்ராஜ், வீடு சிங்கப்பெருமாள் கோயில் என்றார். சாதுவான மனிதர். தன்னிடமிருந்த குணசீலனின் கையைக் கைக்குட்டையால் பெஞ்சுக் கம்பியோடு கட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"சார், உங்க கை எம் பொண்ண அடிச்சிருச்சு."

"காலைலயா?"

"காலைலதான். தலை பின்னும்போது."

"அப்பதான் சார் அடிக்கும். எட்டு மணிக்கு மேல ஒண்ணும் பண்ணாது."

"முன்னாடியே சொல்லியிருக்கணும் சார் நீங்க."

"யார்கிட்டன்னு சார் சொல்றது?"

சாமுவேல்ராஜ் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். குணசீலனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த ஆளின் மேல் பொறாமையாக இருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டுமே சார். பாப்பா ஸ்கூல்ல போட்டோ எடுக்கறாங்க."

"எம் பொண்ணு கட்டிலுக்கு அடியில போய் உக்காந்திருக்கு சார். வெளிய வரமாட்டேங்குது. எப்படி சார் விட்டுட்டுப் போறது?"

மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வண்டி வந்ததும் சாமுவேல்ராஜ் ஏறிப் போய்விட்டார். வீட்டில் புஷ்பலதா கையைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நித்திலா சீப்பும் ரிப்பனுமாக வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குணசீலன் ராத்திரியே முடிவு பண்ணியிருந்தான், என்ன ஆனாலும் அடிப்பதில்லை என்று. தலையில் சீப்பை வைத்தான். அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிக்கொண்டன.

"அடிக்கமாட்டேன் கண்ணு," என்றான்.

"சரிங்கப்பா," என்றாள். தோள் இறங்கவில்லை.

பிறகு அவள் தாடையின் இரண்டு பக்கமும் கையை வைத்து, ஒரு திருகு திருகித் தலையைக் கழற்றி, அவன் மடியில் வைத்தாள். தலை கண் சிமிட்டிக்கொண்டு அவனைப் பார்த்தது.

"அந்தக் கை அங்கிள்கிட்ட குடுங்கப்பா. அவரு பின்னிடுவாரு. சாயங்காலம் வாங்கிட்டு வந்தா போதும்."

"போட்டோ?"

"நான் கடைசி வரிசதான். தெரியாது."

முதல் பீரியட் விளையாட்டு என்பதால் அவனுக்கும் மறுக்க ஒன்றும் தோன்றவில்லை. தலையைச் சாப்பாட்டுப் பையில் துண்டு விரித்து வைத்தான். நித்திலா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் வழக்கம்போல் இரண்டு பக்கமும் உடம்பைத் திருப்பி நின்று, ரோட்டைத் தாண்டிப் போனாள்.

வண்டியில் சாமுவேல்ராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலையைப் பையோடு வாங்கி மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். குணசீலன் எல்லோரையும்போல வலது கையைக் கழற்றிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டினான். அவர் வெளியே பார்த்தார். அடுத்தவரும் வெளியே பார்த்தார். அது அடிக்கிற கை என்ற சேதி பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டு, இடிக்காமல் மார்போடு ஒட்டி வைத்தபடி நின்றான்.

வழியெல்லாம் நித்திலாவின் தலை சாமுவேல்ராஜிடம் பேசிக்கொண்டே வந்தது. கூடப் படிக்கிற ஒருத்தி ரப்பரைக் கடித்துத் தின்பது, மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆகப்போவது, தனக்கு உப்புமா பிடிக்காது என்பது. குணசீலனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒரு இடத்தில் தலை வாய்விட்டுச் சிரித்தது. எதற்கு என்று கூட்டச் சத்தத்தில் கேட்கவில்லை.

கடற்கரை வந்ததும் சாமுவேல்ராஜ் பையை அவனிடம் கொடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தான். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் மடிந்திருந்தன. நித்திலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிறவள்போல் கிடந்தாள்.

குணசீலன் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படியேறினான்.