பட்டியலில் இல்லாத நம்பர்

“நீதானே அவன்கிட்ட சொன்ன?” என்று ரேவதி கேட்டபோது நான் யாருடைய பட்டாவையோ ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்ததில் காகிதம் கோணலாக விழுந்து, பாதி சர்வே நம்பர் வெட்டுப்பட்டு வந்தது. பட்டாக்காரர் என்னை முறைத்தார். நான் ரேவதியை முறைத்தேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. என் பெயர் வேதா. ரேவதி ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். இந்த இரண்டாயிரத்து நான்காம் வருஷம் பங்குனியில், கீழ்பென்னாத்தூரில் இருந்த புருஷன் சுரேஷ்குமாரை விட்டுவிட்டு ஒரு பையும் ஒரு செல்போனுமாக வந்திருந்தாள். அவன் அடிக்கிறவன் இல்லை. காலையில் வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவன். மூன்று வருஷம் அப்படியே இருந்திருக்கிறாள். கேட்டால் ஊரில் திருட்டு ஜாஸ்தி என்பானாம்.

இப்போது விவாகரத்துக்கு மனு போட்டாயிற்று. அவளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு: அவனுக்குத் தெரியாத ஒரு அறை, ஒரு வேலை. அந்த இரண்டும்தான் அவள் கையில் தங்கவில்லை.

முதலில் தையல் கடை ராணியம்மாள் அவளை வேலைக்கு வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் சுரேஷ்குமார் ஒரு கிலோ ஆப்பிளோடு அங்கே போய் நின்றான். “என் வொய்ஃபுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லீங்க. உங்களாண்ட ஞாயித்துக்கிழமை பதினேழு நிமிஷம் பேசினாளே, ஏதாவது உளறினாளா?” என்று பணிவாகக் கேட்டிருக்கிறான். ராணியம்மாள் பயந்துபோய் வேலை இல்லை என்றுவிட்டார். அடுத்து வக்கீலின் குமாஸ்தாவிடம் போனான். அதற்கடுத்து அடி அண்ணாமலையில் அவளுக்கு அறை கொடுத்திருந்த இராமலிங்கத்திடம்; அவரும் மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். எல்லா இடத்திலும் அதே ஆப்பிள், அதே பணிவு.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. பதினேழு நிமிஷம் என்று அவனுக்கு யார் சொன்னது? ராணியம்மாளே கடிகாரம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார். ஆள் வைத்திருக்கிறானா? மருந்து, மாந்திரீகம் ஏதாவதா? ரேவதி தன் பையைக் கொட்டித் தலைகீழாக உதறிப் பார்த்தாள். புடவைத் தலைப்பின் தையலைக்கூடப் பிரித்தாள்.

போலீஸிலும் சொன்னோம். அங்கிருந்த போலீஸ் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார்.

“அடிச்சாரா?”

“இல்லீங்க.”

“மிரட்டினாரா? கெட்ட வார்த்தை பேசினாரா?”

“இல்லீங்க. நான் பேசறவங்க வீட்டுக்கெல்லாம் போறாருங்க.”

“ஆப்பிள் வாங்கினு போறாரு. நீ வெச்சிருக்கிற போன்கூட அவரு குடுத்ததுதானே? பில்லு யாரு கட்றது?”

“அவருதாங்க.”

“விட்டுட்டு வந்தவளுக்கு எவன்மா போன் பில்லு கட்டுவான்? இதுக்கு என்னன்னு நான் கேஸ் எழுதறது?”

ஊரும் அதையேதான் சொன்னது. வக்கீலுக்கும், கேட்டிருந்த இரண்டு பள்ளிக்கூட வேலைக்கும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். அதனால் போனை அவளும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் கடை வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“யோசிச்சிப் பாரு வேதா. நான் பேசின எல்லார்கிட்டயும் போயிட்டான். உன்கிட்ட மட்டும் வரல. தினமும் பார்க்கற உன்கிட்ட மட்டும் ஏன் வரல?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “போடி, போய் அவன்கூடவே இரு” என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். சொன்ன வாய்க்குச் சூடு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். என்னிடம் மட்டும் அவன் ஏன் வரவில்லை? சாயங்காலம் என் வீட்டுக்காரர் தருமனையே சந்தேகப்பட்டு, “நீங்க யார்கிட்டயாவது ரேவதியப் பத்திப் பேசினீங்களா?” என்று கேட்டேன். அவர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து, “எந்த ரேவதி?” என்றார். அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நான்கு நாள் கழித்து சுப்பிரமணி வாத்தியார் கடைக்கு வந்தார். ரேஷன் கார்டுக்கு மனுக் கொடுக்க, முகவரிக்கு அத்தாட்சியாகச் செல்போன் பில்லைக் கொண்டுவந்திருந்தார். முதல் பக்கம் எடுத்தேன். பின்னால் இன்னும் மூன்று பக்கம். வரிசையாக நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் தேதி, மணி, நிமிஷம்.

“இது என்னா சார்?”

“யார் யாருக்குப் போன் பண்ணோம்னு லிஸ்ட்மா. கேட்டா வீட்டுக்கே அனுப்புவாங்க.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த நிமிஷ வரிசையில் விரலை ஓட்டினேன். பதினேழு நிமிஷம்.

“சார், மிஸ்டு கால் குடுத்தா இதுல வருமா?”

“அது எப்படி வரும்? எடுத்தாத்தானே காசு.”

ரேவதி எனக்கு ஒரு நாளும் பேசியதில்லை. இரண்டு தடவை மணி அடிக்க விட்டு வைத்துவிடுவாள், நான்தான் திரும்பப் பேசுவேன். பள்ளிக்கூட நாளிலேயே அவள் கொஞ்சம் கருமி. அந்தக் கருமித்தனம்தான் என்னைப் பட்டியலில் ஏறாமல் காப்பாற்றியிருக்கிறது. அதற்காகத்தான் அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடையைப் பூட்டிவிட்டு அவள் அறைக்கு ஓடினேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் போனைக் கட்டிலில் தூரமாக வைத்தாள். “தூக்கிப் போட்டுடறேன்” என்றாள். அப்போதே விட்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“உன் நம்பர்டி அது. வக்கீலு, வேலை எல்லாம் அதுலதான் இருக்கு. நீ ஏன் தூக்கிப் போடணும்? லிஸ்ட்டை அவனுக்கு அனுப்பாதேன்னு போய்க் கேப்போம் வா.”

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த செல்போன் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த அருணகிரி தெரிந்த முகம், சர்ட்டிபிகேட் எல்லாம் என் கடையில் நகல் எடுத்தவன். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. “வாங்க மேடம்” என்று நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். ரேவதி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

“கனெக்ஷன் சார் பேர்ல இருக்கும்மா. பேர் மாத்தறதும் பில்லை நிறுத்தறதும் அவர் கையெழுத்து இல்லாம முடியாது.”

“பேசறது நான்தானே சார்?”

“ஆனா கஸ்டமர் அவர்தானேம்மா.” அவன் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. “இருங்க, நான் ஏதாவது பண்ணிப் பார்க்கறேன்” என்று உள்ளே போனான்.

ஐந்து நிமிஷத்தில் சிரித்த முகமாகத் திரும்பி வந்தான்.

“முடிஞ்சிடுச்சும்மா. சார்கிட்டயே பேசிட்டேன். பஸ் ஸ்டாண்டுலதான் இருக்காராம். பத்து நிமிஷத்துல வந்து கையெழுத்துப் போடறேன்னு சொன்னார். ரொம்பத் தன்மையா பேசறார். கூட யாருன்னு கேட்டார், வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடை வேதா மேடம்னு சொன்னேன். டீ சொல்லட்டுமா?”

ரேவதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனைக் கவுண்ட்டரிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும், “எங்கன்னு கேக்காத. உனக்குத் தெரிஞ்சா உன்னைத்தான் வந்து குடைவான்” என்றாள். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறினாள். நான் பெயர்ப் பலகையைப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு சுரேஷ்குமார் என் கடைக்கு வந்தான். கையில் ஒரு கிலோ ஆப்பிள்.

“உங்க கடை இங்கதான்னு இத்தினி நாள் தெரியாமப் போச்சு சிஸ்டர். ரேவதி எங்க போறேன்னு சொன்னாளா?”

“தெரியாதுங்க.” சத்தியமாகவே தெரியாது.

அப்போது மேஜைமேல் இருந்த என் போன் அடித்தது. இரண்டே தடவை. நின்றுவிட்டது. ஏதோ வெளியூர் நம்பர், டெலிபோன் பூத்தாக இருக்கும்.

“யாரு சிஸ்டர்?”

“மிஸ்டு கால்ங்க. யாரோ தெரியாதவங்க.” போனைக் கவிழ்த்து வைத்தேன். அவசரமாகக் கவிழ்த்ததை அவன் கவனித்தானா இல்லையா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

அவன் போனதும் அந்த நம்பரை அழித்தேன். ஆனால் ஒருமுறை பார்த்த எண் எனக்கு மறக்காது. இரண்டு மாதமாக மனசில் அப்படியே நிற்கிறது. அவனும் வாரத்துக்கு ஒருநாள் வந்து சிஸ்டர் என்று நிற்கிறான். யார்மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை. போலீஸ் அம்மா சட்டப்படி கேட்டார், அருணகிரி நல்லது செய்வதாக நினைத்தான், இவன் ஆப்பிள் கொடுக்கிறான்.

அந்த பூத்துக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொல்லி, வேலைக்குப் போகிறாளா, சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்கத் தினமும் கை துடிக்கிறது. என் செல்போன் என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. அவர் நல்லவர், பில் வந்தால் கவரைக்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டார். ஆனாலும் நான் போன் போடவில்லை.