பச்சைத் தண்ணீர் சுட்டது

"நான் எதுக்கு அண்ணி கலக்கணும்? நீங்களே சொல்லுங்க, நான் எதுக்கு..."

"கத்தாதடி. எதுக்குன்னு என்னைக் கேட்டா? கலந்தவளுக்குத் தெரியும்."

"கலந்ததை நீங்க பாத்தீங்களா?"

"பாக்க வேற வேணுமா? அவனே சொன்னான்."

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டில். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அக்கா. நடுவில், கையில் குளுக்கோஸ் ஏற, ஐஸ் ஃபேக்டரி மெக்கானிக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்குகிறானா, தூங்குகிற மாதிரி கிடக்கிறானா என்று இரண்டு பேருக்குமே சந்தேகம். பக்கத்துக் கட்டில்காரர் வெகு நேரமாகச் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"காலைல ஃப்ரிட்ஜ் தண்ணி குடுத்தியாமே. வாயில வச்சதும் நெருப்பாச் சுட்டுச்சாம். 'அக்கா, இவ தண்ணியில என்னமோ கலந்துட்டா'ன்னு போன்ல அழறான். இருபது வருஷமா ஐஸுக்குள்ளயே நிக்கிறவனுக்குச் சூடு எது, சில்லுன்னு எதுன்னு தெரியாதா?"

மனைவியின் குரல் இறங்கிப்போனது. "அவரா சொன்னாரு?"

"பின்ன நான் கனவா கண்டேன்?"

"வாந்தியும் வயித்தால போறதும் நேத்து சாயங்காலமே ஆரம்பிச்சிருச்சு அண்ணி. அப்பத் தண்ணி எங்க வந்துச்சு? மத்தியானம் சாப்பிட்டது நீங்க அனுப்பின மீனு."

"என் மீனைச் சொல்லாத! ஆள் கை நீளச் சீலா. செவுளு ரத்தச் செவப்பு. கண்ணு முழிச்சு என்னையே பாத்துச்சு. இன்னும் ரெண்டு குடம் தண்ணி ஊத்தியிருந்தா நீந்திப் போயிருக்கும்."

அக்கா சந்தையில் மீன் வெட்டுபவள். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் பாதிப் பேர் பையைத் திறப்பார்கள். அவளுக்கு மீன் இறங்காது. நாள் முழுக்க அதிலேயே கிடப்பவளுக்கு வீட்டில் முட்டை போதும். ஆனால் பெரிய மீன் வந்தால் தலையும் ஈரலும் விற்பனைக்குக் கிடையாது. தம்பி வீட்டுக்குப் போய்விடும்.

"நீயும் தின்னதானே? நீ மட்டும் எப்படிக் குத்துக்கல்லாட்டம் நிக்கிற?"

"எனக்கும் வயித்தால போச்சு. உதடு இப்பவும் மரத்துப்போன மாதிரி இருக்கு."

"ஓ, இப்பத்தான் மரத்துச்சா?"

டாக்டரம்மா சீட்டோடு வந்து நின்றாள். சின்ன வயசு, ஆனால் அவள் நின்றதும் இரண்டு பேரும் வாயை மூடினார்கள். "என்ன மீன் சாப்பிட்டாரு? எந்தத் துண்டு?"

அக்கா முந்திக்கொண்டாள். "சீலா. தலையும் ஈரலும் முழுசா அவனுக்கு. இவளுக்கு வால் துண்டு. யாருக்கு எதுன்னு நானே பிரிச்சுக் கட்டி, சொல்லித்தான் அனுப்பினேன் டாக்டர். கூடப் பொறந்தவ பாசம் அது."

டாக்டரின் பேனா நின்றது.

"வெஷம் அதுலதாம்மா சேரும். ஈரல்லயும் தலையிலயும்."

"கெட்ட மீனா? என் மூக்குக்குத் தெரியாதா!"

"கெட்டுப்போகல. நல்ல புது மீன்தான். கடல் தண்ணி சூடானா, பாறையில கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி பெருகும். அதைச் சின்ன மீன் மேயும், சின்ன மீனைப் பெரிய மீன் திங்கும். வெஷம் பெருசுகிட்டப் போய்த் தங்கிரும். வாடை வராது, ருசி மாறாது, கொதிக்க வச்சாலும் போகாது. இது வந்தவங்களுக்குச் சில்லுன்னு எதைத் தொட்டாலும் சுடும்."

அக்கா கண்ணைச் சுருக்கினாள். "இவ முன்னாடியே வந்து உங்ககிட்டப் பேசிட்டாளா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வாரம் இவரோட மூணு பேரும்மா. மூணு பேருமே தண்ணி சுடுதுன்னுதான் வந்தாங்க. அதுல ஒருத்தருக்குக் கல்யாணமே ஆகல."

செய்தித்தாள் தாழ்ந்தது. "நான்தாங்க. யார் மேல சந்தேகப்படறதுன்னு எனக்கு ஆளே கிடைக்கல."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர், கொஞ்ச மாதத்துக்கு மீன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அக்கா தன் விரல்களை மோந்து பார்த்தாள். திரும்ப ஒருமுறை பார்த்தாள். பிறகு சட்டென்று செருப்பைத் தேடினாள்.

"மிச்சத்தை ஆறு பேருக்கு வெட்டிக் குடுத்தேன். போய்ச் சொல்லணும்."

போகிறபோது தம்பி மனைவியின் தோளைத் தொட வந்த கை பாதியில் நின்று, கட்டில் கம்பியைத் தட்டிவிட்டுப் போனது.

"அக்கா போயிட்டாளா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"முழிச்சுட்டுத்தான் இருந்தீங்களா?"

"இல்ல, இப்பத்தான்." கண்ணைத் திறந்தான். சிரிக்கப் பார்த்தான். "பாசியாம்ல. நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன். வெஷம் உள்ள போனா புத்தி எங்க நிக்குது? மனசுல வச்சுக்காத."

அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் தாள் மறுபடி உயர்ந்தது.

"நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு வெஷம் வைக்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சீங்க?"