எரியாத புண்

மரக்காணம் உப்பளத்தில் தனகோடிக்கு ரெண்டு பட்டப்பேர் உண்டு. கூட வேலை செய்கிற பொம்பளைங்க முகத்துக்கு நேராக "அக்கா" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "மைக்செட்டு" என்பார்கள். அவள் வரப்பில் நின்று ஒரு அதட்டல் போட்டால் நாலு பாத்தி தள்ளி நிற்கிறவளுக்கும் கை தானாக வேகமெடுக்கும். அப்படிப்பட்ட தொண்டை.

பதினோரு வருஷமாக முதல் வாரல் அவளுடையதுதான். மழை முடிந்து, பாத்தியில் தண்ணி கட்டி, உப்பு வெள்ளையாகப் பூத்ததும் மேஸ்திரி ராஜாங்கம் வரப்பில் கற்பூரம் ஏற்றுவார். வாரும் பலகையை எடுத்து தனகோடி கையில் கொடுப்பார். அவள் வெறுங்காலோடு இறங்கி முதல் குவியலை இழுத்துக் கரையில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் காலை வைக்கலாம். ராசியான கை என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் ஒரு சுற்றுப் பெருத்துப்போவாள்.

அப்படி முதலில் இறங்குகிற காலுக்குத்தான் ஆவணி மாசத்தில் வந்தது வினை.

முதலில் பார்த்தவள் லீமா. தனகோடி ஜோடியில் பத்து வருஷமாக உப்பு வாருகிறவள். வெள்ளை வெளேரென்று இருந்த வரப்பில் ஒரு கால் தடம் மட்டும் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, உன் கால்ல ரத்தம் வருது."

"என் கால்லயா? எரியவே இல்லையே."

தூக்கிப் பார்த்தால் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே கிளிஞ்சல் துண்டு ஒன்று பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. தனகோடி அதை வெடுக்கென்று பிடுங்கி எறிந்துவிட்டுப் பாத்தியில் இறங்கினாள்.

உப்பளத்து ஆட்களுக்கு இதில் ஒரு தீர்மானம் உண்டு. பாத்தித் தண்ணியில் நகக்கீறலோடு இறங்கினாலும் உயிர் போகிற மாதிரி எரியும். எரிச்சல் நின்றால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தம். டாக்டர் எதற்கு, ஊசி எதற்கு? தண்ணியே சொல்லிவிடும். தனகோடிக்கு எரியவில்லை. அப்புறம் என்ன, ஆறின புண்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஏழு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள், உள்ளங்கால் எப்போதோ மரத்துப்போய்விட்டது. நெருப்பை மிதித்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது, பாவம்.

இருபது நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்த புருஷன் செல்லப்பன் மூக்கைச் சுளித்தான்.

"ஏண்டி, எலி எங்கனா செத்துக் கெடக்குதா?"

எலி இல்லை. சுண்டுவிரல் கறுத்து, பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. செல்லப்பனும் லீமாவும் ஆட்டோ பிடித்து, அவள் திட்டத் திட்ட, டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே ஊசியும் டிரிப்சும் ஏறின. புண்ணில் பஞ்சுக்குச்சி வைத்துத் துடைத்து, எந்தக் கிருமி என்று பார்க்க லேபுக்கு அனுப்பினார்கள். மூன்று நாளில் ரிசல்ட் வந்தது. எதுவும் வளரவில்லையாம்.

"பாத்தியா?" என்று கட்டிலில் இருந்தபடியே லீமாவிடம் கெத்தாகச் சொன்னாள் தனகோடி. "கிருமியே இல்லையாம். ஊரைக் கூட்டிட்டீங்களே!"

ஆனால் கணுக்காலில் இருந்த சிவப்பு முழங்காலைப் பார்த்து ஏறிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மருந்து கேக்கல. இன்னும் விட்டா உசுருக்கே ஆபத்து. முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம். நாளைக்கு ரெடி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மைக்செட்டுக்கு முதல்முறையாகச் சத்தம் வரவில்லை. காலை எடுப்பார்களா? ஒற்றைக்காலில் வரப்பில் எப்படி நிற்பது, பாத்தியில் எப்படி இறங்குவது? போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். செல்லப்பனுக்கும் தாங்கவில்லை, எழுந்து வராந்தாவுக்கு ஓடிவிட்டான்.

அவரோடு வந்த சின்ன டாக்டர் அருள்மொழி மட்டும் போகாமல் நின்றாள். பக்கத்து ஊர் பெருமுக்கல்காரி, முப்பது வயசு இருக்கும். லேப் ரிசல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ சீழ் இருக்குது, ஒண்ணுமே வளரலைன்னா எப்படிங்கம்மா? பஞ்சு வச்சு எடுத்தாங்களே, அன்னைக்குக் காலையில புண்ணுல ஏதாவது ஊத்துனீங்களா?"

"கழுவுனேன். தெனமும்தான் கழுவுறேன்."

"எதுல?"

தனகோடி லீமாவைப் பார்த்தாள், லீமா சீலிங் ஃபேனைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பைக்குள்ளே ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருந்தது. அருள்மொழி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் விரல்கடை உயரத்துக்கு உப்பு படிந்திருந்தது.

"பாத்தித் தண்ணி" என்றாள் தனகோடி. "நான்தான் இவளக் கொண்டாரச் சொன்னேன். நாத்தம் அடிக்குதே டாக்டரம்மா! நீங்கள்லாம் படிச்சவங்க, குனிஞ்சு பாக்குறீங்க. மூக்கப் பொத்திக்குவீங்களேன்னு விடியக்காலையில பாத்ரூம்ல போயி நல்லா ஊத்திக் கழுவிட்டு வந்து படுத்துக்குவேன்."

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் வாசலைப் பெருக்கித் தண்ணி தெளிக்கிறோம் இல்லையா, அப்படிச் செய்திருக்கிறாள் மகராசி. அருள்மொழிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, தனகோடி முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, நீங்க கழுவுனதுல மேல இருந்ததுதான் போச்சு. உள்ள எலும்பாண்ட இருக்கிறது அப்படியே சவுக்கியமா இருக்குது. நாங்க மேல தொடச்சுப் பாத்துட்டு ஒண்ணும் வளரலைன்னு, ஆள் யாருன்னே தெரியாம மருந்து குடுத்துட்டு இருக்கோம். எரியலைன்னா ஆறிடுச்சுன்னு இல்லம்மா. நரம்பு செத்துருக்குது. உங்க கால் உங்ககிட்ட சொல்லாது, நீங்கதான் பாக்கணும்."

விடுவிடுவென்று எழுந்து பெரிய டாக்டர் ரூமுக்குப் போனாள். உள்ளே என்ன பேசினாளோ, கதவுக்கு வெளியே செல்லப்பனுக்குக் கேட்டது கொஞ்சம்தான். "இன்னைக்கே தொறந்து சுத்தம் பண்றேன் சார். ஆழத்துல இருந்து சதை எடுத்து அனுப்புறேன். ஒரு வாரம் குடுங்க. சிவப்பு மேல ஏறிச்சுன்னா, காலை எடுக்க நானே கையெழுத்து வாங்கித் தர்றேன்."

"ஒரு வாரம்தான்" என்றார் பெரிய டாக்டர். "அதுக்குள்ள பிரஷர் எறங்குச்சுன்னா நான் காத்திருக்க மாட்டேன்."

அன்று மத்தியானமே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அழுகின சதையை வழித்து, சீழை வடித்து, கறுத்த சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அடியில் இருந்து ஒரு துண்டு சதை லேபுக்குப் போனது. லீமா தன் கையாலேயே பாட்டிலைக் கொண்டுபோய் சிங்க்கில் கவிழ்த்து, காலி பாட்டிலை மிதித்து நசுக்கினாள்.

இந்தத் தடவை மூன்றாம் நாள் கிருமி மாட்டியது. அதுவரை கொடுத்த மருந்துக்கு அசையாத ஜாதியாம் அது. அது எந்த மருந்துக்குப் பயப்படும் என்பதும் அதே காகிதத்தில் வந்திருந்தது. அருள்மொழி காகிதத்தை ஆட்டிக்கொண்டே வார்டுக்குள் வந்தாள். "ஆள் சிக்கிட்டான்மா!"

மருந்து மாறியது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள், சிவப்பு எதுவரை என்று அருள்மொழி பேனாவால் காலில் போட்டிருந்த கோட்டை விட்டுச் சிவப்பு ரெண்டு விரல்கடை கீழே வந்திருந்தது. பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அருள்மொழியைப் பார்த்தார்.

"கால் இருக்கட்டும்" என்றார்.

வார்டே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மைக்செட்டு திரும்பி வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் பெரும்பாடு. மூன்றரை மாசம் வலது காலைத் தரையில் ஊன்றக்கூடாது, தினமும் இன்சுலின், சோற்றைப் பார்த்து ஏங்கக்கூடாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, பாத்தியெல்லாம் குளமாகக் கிடந்தது, வீட்டுக்குள் இவள் திட்டிக்கொண்டிருந்தாள். செல்லப்பன் அவளைத் தூக்கிக்கொண்டே பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்தான். புண் சிவந்தது, சுருங்கியது, ஒருநாள் மூடிக்கொண்டது.

மாசியில் உப்பு பூத்தது. இனி தனகோடி எங்கே வரப்போகிறாள் என்று ராஜாங்கம் முதல் வாரலுக்கு வினோதினியை நிறுத்தியிருந்தார். சின்னப் பெண், பலகையைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கற்பூரம் ஏற்றுகிற நேரத்துக்கு செல்லப்பனுடைய டிவிஎஸ் வந்து நின்றது. பின்னாலிருந்து தனகோடி இறங்கினாள். முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். உள்ளே மெத்தை வைத்தது. உள்ளே கல் கில் கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று அருள்மொழி உத்தரவு.

வினோதினி ஓடிவந்து பலகையை நீட்டினாள். "அப்பாடா, வந்துட்டியா அக்கா!"

ராஜாங்கம் குறுக்கே வந்தார். "இரு தனகோடி. பாத்தியில பூட்ஸ் காலோட யாரும் எறங்குனதில்ல. அதுவும் மொத வாரல். வெரல் வேற ஒண்ணு கொறையா இருக்குது. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதும்மா."

தனகோடி இடுப்பில் கையை வைத்தாள்.

"மேஸ்திரி, வெரல எண்ணாதீங்க. கால எண்ணுங்க."

அவர் தலை தானாகக் குனிந்தது. இடது, வலது என்று பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார்.

"ரெண்டு" என்றார்.

"ரெண்டும் என்னுதுதான். கற்பூரத்த ஏத்துங்க."

அவள் இறங்கினாள். பலகையை வீசி ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். முதல் குவியல் கரையேறி மினுமினுத்தது. செல்லப்பன் ரெண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான், பொம்பளைங்க கைதட்டினார்கள். அவர்கள் புடவையைச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கப் போனபோது தனகோடி பலகையை வரப்புக்குக் குறுக்கே போட்டாள். தினமும் தன் உள்ளங்காலைப் பார்க்கிற கைக்கண்ணாடியை மடியிலிருந்து எடுத்தாள்.

"எவளும் எறங்காதீங்கடி. லீமா, மொதல்ல நீ வா. காலத் தூக்கு, பாக்கலாம்."