காரணம் போதாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்.

"ஒரே ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருங்களேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காம ஒரு நாள் இருக்கத்தான்."

எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வசனம் கிடைத்தால் லீவா போடுவான்? கைகூடக் கழுவாமல் போய்க் குறித்துவைத்தேன்.

2

முதல் வரி: 'கதிரவன் தன் பொற்கரங்களால் அலுவலகத்தைத் தழுவிய அவ்வேளையில், உழைப்பெனும் நுகத்தடியில் பூட்டப்பட்ட மானுடம்...'

(வேண்டாம். அந்த அலுவலகத்துக்கு ஜன்னலே கிடையாது. மானுடம் அந்நேரம் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்.)

இன்னொன்று: 'அவர் வேலைக்குப் போனார்.' உண்மைதான். ஆனால் இதற்குமேல் அவர் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை என்பதால் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

3

அவருடைய வேலை, மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களைப் பார்ப்பது. விண்ணப்பத்தில் 'காரணம்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் உண்டு. அதைப் படிப்பார். பத்தில் ஏழுக்கு 'காரணம் போதாது' என்று முத்திரை குத்துவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'போதாது சார்'. (என் மூட்டுவலியை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். தொப்பையைக் கொடுக்கவில்லை, கதாநாயகர் அல்லவா.)

அவர் மனைவியும் அதே மாதிரி ஒரு நாள் லீவு போடச் சொன்னாள். வியாழக்கிழமை என்று முடிவானது. போதாது சார் தனக்கென்று ஒரு படிவத்தை எடுத்தார். காரணக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. காய்ச்சல் என்றால் சான்றிதழ் வேண்டும். சாவு என்றால் யாராவது சாக வேண்டும். கடைசியில் உண்மையையே எழுதினார்: 'மனைவியோடு வீட்டில் இருக்க.' மேஜையிலிருந்த படிவக் கட்டுக்குள் அதைச் செருகிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

திரும்பிவந்து கட்டைப் பிரித்தார். அறுபது படிவங்கள். பெயரைப் பார்க்கக் கூடாது, காரணத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கை தன்பாட்டில் குத்திக்கொண்டே போனது. நாற்பத்தோராவது தாளில் முத்திரை விழுந்த பிறகுதான், இந்தக் கையெழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

எதிர்மேஜை டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், உங்களையே தள்ளுபடி பண்ணிட்டீங்களா?"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

"மேல்முறையீடு யார்கிட்ட போகும்?"

"எங்கிட்டதான்."

"அப்ப கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்."

4

முடிவு (அ): அவர் முத்திரையை ஜன்னல் வழியாக வீசி எறிகிறார். (ஜன்னல் கிடையாது என்று முன்பே சொல்லித் தொலைத்துவிட்டேன்.)

முடிவு (ஆ): வீட்டுக்குப் போய் மனைவியிடம், லீவு கிடைக்கவில்லை என்கிறார். அவள் "தெரியும்" என்கிறாள்.

இது நல்ல முடிவு. ஆனால் அந்த ஒரு சொல்லை இவ்வளவு சாதாரணமாகச் சொல்வதற்கு அவள் எத்தனை வருஷம்...

(இந்த வாக்கியத்தை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். வரவில்லை.)

5

இன்று வியாழக்கிழமை. நான் லீவு போட்டிருக்கிறேன், நிஜமாகவே. 'அரை மணி நேரம், இந்தக் கதையை மட்டும் முடிச்சிடறேன்' என்று காலையில் உட்கார்ந்தேன். இப்போது மணி மூன்றரை.

மனைவி பால்கனியில் காலையிலேயே இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"லீவு எடுக்கத் தெரியாத ஒருத்தரைப் பத்தி."

"அவருக்காவது கெடைக்குதா?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"மெதுவா யோசிங்க. வெயில் அஞ்சரை வரைக்கும் இருக்கும்."

நாற்காலியை அறை நடுவில் வைத்தாள். "வேணும்னா தூக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முடிக்காமல் விட்டதை நவீன உத்தி என்று யாராவது எழுதக்கூடும். உத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போதாது சாரின் மேல்முறையீடு இன்னும் மேஜையில் கிடக்கிறது. முத்திரையை உங்களிடம் தருகிறேன். பெயரையும் பார்த்துவிட்டுக் குத்துங்கள். எனக்கு இங்கே வேறு சிக்கல். இது மர நாற்காலி, பழையது, கனம். இரண்டு கையாலும் தூக்க வேண்டும். அதனால் பேனாவை